கோட்டின் அகலம்

லேசர் இயந்திரம் வந்த மூன்றாம் மாதத்தில் அந்த வீட்டின் இடைவழி நீளத் தொடங்கியது. அடுத்த கோடைக்குள் முன்கூடத்திலிருந்து பின்னறைக்குப் போக சைக்கிள் தேவைப்பட்டது. வெளியே எதுவும் மாறவில்லை. முன்சுவர் தெருவை ஒட்டியும் பின்சுவர் ஒரு பஞ்சுக் கிடங்கை ஒட்டியும் கட்டியபடியே நின்றன. நகர்ந்துகொடுக்க இரண்டுக்கும் இடமில்லை. நீண்டது உள்ளே மட்டும்தான். இடைவழித் தரையில் பதித்த ஓடுகள் கூடவுமில்லை, இழுபடவுமில்லை. சரியாக நடுவில், இரண்டு ஓடுகளுக்கு இடையே, வெறும் சிமெண்ட் தரை ஒன்று முளைத்து விரிந்துகொண்டே போனது. அதன் இருபக்கமும் வெள்ளையடித்த சுவர் தானாக வளர்ந்தது, மேலே கூரையும் வளர்ந்தது. வெள்ளைகூட நன்றாகத்தான் அடித்திருந்தது என்று பெயிண்டர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் மூன்று பேர். மூத்தவள் இயந்திரத்தை ஓட்டினாள். அவள் கணவர் கம்ப்யூட்டரில் படம் வரைவார். அவர் வரையும் கோட்டின் மேல்தான் இயந்திரத்தின் ஒளி ஓடும். பின்னறையில் இளையவள் படுத்திருந்தாள். அவள் புருஷன் கப்பலில் வேலை பார்ப்பவன், எப்போதாவது போனில் வருவான். இளையவளுக்கு முன்பு இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் குறைமாதத்தில், சத்தமே இல்லாமல் போய்விட்டது. இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, குலுங்கக் கூடாது, புகை கிட்டே வரவே கூடாது. பிளைவுட் புகை தொண்டையைக் கமறும்; அதில் பசையும் சேர்ந்து எரிகிறது. அதனால்தான் முன்கூடத்தில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, கூரையில் காற்றுத்துளை உள்ள பின்னறையை இளையவளுக்குக் கொடுத்தார்கள். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. அக்காவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தங்கையைத் தன் கையாலேயே தூரத்தில் கொண்டுபோய் வைத்தோம் என்பது பிறகு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

எப்படி நீண்டது என்று புரிய, வெட்டு என்றால் என்ன என்று புரிய வேண்டும். ரம்பம் மரத்தை அறுத்தால் தூள் கொட்டும், யாரும் பார்க்கலாம். லேசர் அறுத்தால் தூள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒரு லென்ஸ் வழியாகக் குவிந்து, மரத்தில் ஊசிமுனை அளவு இடத்தைத் தொடுகிறது. அங்கிருந்த மரம் அப்படியே புகையாகிவிடுகிறது. ஆனால் எவ்வளவு மெல்லிய கோட்டுக்கும் அகலம் உண்டு. அவர்கள் இயந்திரம் போட்ட கோடு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றைப் பார்த்தால் ஒன்றுமேயில்லை. ஆனால் அவர்கள் செய்ததோ குழந்தைகள் அடுக்கி விளையாடும் மரப் புதிர்ப்படங்கள். ஒரு யானையைத் துண்டு துண்டாக்க நெடுக்கும் குறுக்கும் எத்தனையோ கோடு ஓடும். இருந்த மரம் புகையாகிக் குழாய் வழியாக வெளியே போயிற்று. மரம் இருந்த இடைவெளி எங்கே போகும்? அது இடைவழிக்குப் போயிற்று.

மூத்தவளுக்கு இது தெரியவந்தது ஒரு வேலையற்ற நாளில். தங்கைக்குக் கொண்டுபோகும் டீ ஆறிவிடுகிறது என்று அவள் சில வாரமாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பின்னறை விளக்குக்கு இழுத்திருந்த ஒயர் விறைத்துப்போய்ப் பிடுங்கிக்கொண்டது. “வீடு வளருது மாமா,” என்று இளையவள் சிரிக்க, “வாடகை ஏத்திடாம பாத்துக்கணும்,” என்று அக்கா புருஷனும் சிரித்தார். அன்றைக்கு மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் வேலை எதையும் தொடங்காமல், கோட்டின் அகலத்தை மட்டும் சோதித்துப் பார்த்தாள். சோதனை எளிது. ஒரு பலகைத் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் பத்துக் கோடு வெட்ட வேண்டும். விழுந்த துண்டுகளை ஒரே பக்கமாக நெருக்கித் தள்ளினால் கடைசியில் ஒரு சந்து மிஞ்சும். அதை அளந்து பத்தால் வகுத்தால் ஒரு கோட்டின் அகலம். அந்தச் சந்தை அளந்த, இடுக்கிபோன்ற வெர்னியர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே தங்கையைப் பார்க்கப் போனவள், காலையில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்த அந்த சிமெண்ட் தரையில் குந்தினாள். கோட்டைத் தாண்டிப் புதிதாக முளைத்திருந்த தரையை அளந்தாள். வெர்னியரின் வாயைத் திறக்கவோ மூடவோ வேண்டியிருக்கவில்லை. பலகையில் மிஞ்சிய சந்து எவ்வளவோ, அவ்வளவே.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாளொன்றுக்கு ஓர் ஆள் கையை நீட்டிப் படுக்கிற அளவு நீளம் போய்க்கொண்டிருந்தது. தங்கைக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. ஒன்று வளர வளர இன்னொன்றும் வளர்ந்தது. கணவரிடம் சொன்னாள். அவர் தரையையும் வெர்னியரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப கோட்டை மெலிசாக்கு,” என்றார். வேறு யோசனை அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. இயந்திரம் வைத்திருப்பவர்கள் எதற்கும் முதலில் இயந்திரத்தைத்தான் திருகிப் பார்ப்பார்கள்.

அவள் திருகத் தொடங்கினாள். முதலில் லென்ஸ். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதுபோல லென்ஸில் புகை படிந்திருந்தது. படிந்த லென்ஸ் ஒளியைச் சிதறடித்துக் கோட்டைத் தடிக்கவைக்கும். துடைத்தாள், கோடு மெலிந்தது. அடுத்தது உயரம். லென்ஸ் வழியே வரும் ஒளி நேர்க்கம்பியாக இறங்குவதில்லை. உடுக்கைபோல மேலே விரிந்து, இடுப்பில் குறுகி, கீழே மறுபடி விரியும். அந்த இடுப்பு மரத்தின் மேல்பரப்பில் இருந்தால் அடிப்பக்கம் அகலமாக எரியும். மரத்தின் நடுவயிற்றில் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக, மெல்லியதாக வெட்டும். ஒரு கடுதாசித் தடிமன் அளவாக உயர்த்தியும் தாழ்த்தியும் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். பலகை அப்பளம்போல வளைந்திருந்தால் இடுப்பு ஓரிடத்தில் வயிற்றிலும் இன்னோரிடத்தில் காற்றிலும் இருக்கும். ஆகவே பலகைகளை வெயில் படாமல் உலர்த்தி, பாரம் வைத்துத் தட்டையாக்கினாள். பிறகு வேகமும் சூடும். ஒளி மெதுவாக ஊர்ந்தால் மரம் கருகிக் கோடு அகலும். பறந்தால் அடிவரை வெட்டாது. அதே கோட்டில் இரண்டாம் முறை ஓட்ட வேண்டும், அது இன்னும் அகலம். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிடிக்க ஒரு பலகை நிறையச் சின்னச் சதுரங்கள் வெட்டினாள். இடமிருந்து வலம் வேகம் கூடும், மேலிருந்து கீழே சூடு கூடும். பலகையைத் தூக்கி லேசாகத் தட்டினால் எந்தச் சதுரம் கருகாமல், தயங்காமல் தானாக உதிர்கிறதோ அதுதான் சரியான இடம். அந்தச் சதுரம் உதிர்ந்தபோது அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடுகூட இல்லை.

கோடு பாதியாக மெலிந்தது. இடைவழியின் வளர்ச்சியும் பாதியாகியிருக்க வேண்டும். முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் வாரம் அது முன்னைவிட வேகமாக நீண்டது. கூடத்துக்கு வந்தால் மேஜைமேல் பலகைகள் கூரையை முட்ட அடுக்கியிருந்தன.

“என்னங்க இது?”

“நீ பண்ண வேலைதான். முன்னாடி ஒரு நாள் ஆனது இப்ப அரை நாள்ல முடியுது. கருகலும் இல்ல, தேய்க்கிற வேலையும் இல்ல. மிச்ச அரை நாள் கையைக் கட்டிட்டா உக்காந்திருக்கிறது? மூணு கடைக்கு ஒத்துக்கிட்டேன்.”

“மெலிசா வெட்டச் சொன்னா நிறைய வெட்டுறீங்களே!”

“நல்லா வெட்டுற மெஷினை சும்மா போட்டு வைன்னு யாராவது சொல்லுவாங்களா?”

எல்லாம் தன் கையாலேயே செய்த காரியம். மூன்றாம் நாள் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கணவர் அந்தக் கடைகளுக்குப் போய் ஏதேதோ காரணம் சொல்லிவிட்டு வந்தார். இயந்திரம் நின்றது, இடைவழியும் நின்றது. ஆனால் போன தூரம் திரும்பவில்லை. போன புகையைத் திரும்ப மரமாக்க யாரால் முடியும்?

அதற்குள் பின்னறை, ஒரு நீளமான தெருவின் அந்தக் கடைசியில் இருப்பதுபோல இருந்தது. முன்கூடத்தில் நின்று கூப்பிட்டால் குரல் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் ஒரு தட்டைக் கழுவி வைத்துவிடலாம். அக்காவுக்கு அந்த இடைப்பட்ட நேரம்தான் பெரிய தண்டனை. “சாப்பிட்டியாடி?” என்று கத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “சாப்பிட்டேன்கா” என்று மெல்லிசாக வந்து விழும்வரை அவள் மனம் கெட்டதையெல்லாம் நினைத்து முடித்திருக்கும். வாரம் ஒருமுறை வந்த நர்ஸம்மா இடைவழியை நடந்து அலுத்து, எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரரிடம் வாடகைச் சைக்கிள் எடுத்தார். “ஊரெல்லாம் போறீங்க, வீட்டுக்குள்ள போற சவாரிக்கு நான் இதுவரைக்கும் வாடகை வாங்கினதில்ல. பாதி கொடுங்க போதும்,” என்றார் அவர். இளையவளைத் தூக்கி முன்னால் கொண்டுவந்துவிடலாமா என்று கேட்டதற்கு நர்ஸம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “இவ்வளவு தூரம் ஆட்டி ஆட்டி எடுத்துட்டுப் போனா வழியிலேயே ஆயிடும். அவளும் வேண்டாம்னுதான் சொல்றா. வலி வந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க. நான் வந்து சேர்றதுதான் கஷ்டம், அதைப் பாருங்க.”

எது எப்படியிருந்தாலும் சாப்பிட்டாக வேண்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு கணவர் சின்ன வேலை ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்: பசையும் ஆணியும் இல்லாமல் ஒன்றில் ஒன்று கோத்து நிற்கும் மரப்பெட்டிகள். ஒரு பலகையின் விளிம்பில் நாக்குகள், அடுத்த பலகையில் அவை நுழையும் வாய்கள். இங்கேயும் கோட்டின் அகலம்தான் விளையாடும். நாக்கையும் வாயையும் ஒரே அளவாக வரைந்தால், வெட்டும்போது நாக்கு இருபக்கமும் கொஞ்சம் எரிந்து மெலியும், வாய் இருபக்கமும் எரிந்து அகலும். பெட்டி ஆடும் பல்லைப் போல லொடலொடவென்று ஆடும். அதனால் எரியப்போகிற அளவை முன்கூட்டியே நாக்கில் கூட்டி வரைவார்கள். கணவரும் கூட்டித்தான் வரைந்தார். ஆனால் கூட்டியது பழைய கணக்கு. தடித்த கோட்டுக்கு உரிய அளவு. மனைவி கோட்டைப் பாதியாக்கிவிட்டதை, தினம் பார்த்துக்கொண்டிருந்த அவரே மறந்துபோனார். பலகைகள் வெட்டிவந்தபோது நாக்கு வாய்க்குள் நுழைய மறுத்தது.

“தப்பாப் போச்சு. சுத்தியல் இல்லாம ஏறாது,” என்று தலையைச் சொறிந்தார். மர சுத்தியலை எடுத்து, துணி மடித்து வைத்துத் தட்டினார். நாக்கு கிறீச்சென்று முனகிக்கொண்டு உள்ளே போயிற்று. பெட்டி கல்லைப்போல நின்றது. அதே நேரம் இடைவழியில் எதுவோ பெருமூச்சு விட்டதைப்போல ஒரு சத்தம். மூத்தவள் ஓடிப்போய் சிமெண்ட் தரையைப் பார்த்தாள். சாக்கட்டிக் கோடு ஓட்டுக்கு அடியில் போய் மறைந்துகொண்டிருந்தது.

இறுகிய இணைப்பு இடைவெளியைத் தின்றது. கோடு எடுத்துக்கொண்டதைப் போல இரண்டு மடங்கைத் திருப்பித் தந்தது. கணவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மறதிக்காகப் பாராட்டு வாங்கினார். பெட்டி பெட்டியாக வெட்டினார்கள். ஒவ்வொன்றையும் தட்டிச் சேர்க்க, பின்னறை எட்டு எட்டாக, நாய்க்குட்டி வருவதுபோலத் தயங்கித் தயங்கி வந்தது. ஆனால் இதிலும் ஒரு நடு இடம் இருந்தது. நாக்கு கொஞ்சம் குறைந்தால் இறுகாது, வீடு சுருங்காது. கொஞ்சம் கூடினால் பலகை பிளக்கும். ஒரு நாள் அவசரத்தில் அவள் கூடுதலாக வைத்த நாக்கு ஒரு பலகையை விளிம்பிலிருந்து விளிம்புவரை பிளந்தது. விரிசலும் ஓர் இடைவெளிதானே. அந்த வாரம் முழுவதும் சேர்த்ததெல்லாம் ஒரே உதறலில் பழையபடி நீண்டது. பின்னறையிலிருந்து இளையவளின் “அம்மா!” என்ற குரல் வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தது. கட்டில் அதிர்ந்துவிட்டிருந்தது. மூத்தவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். இளையவள் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு வேர்த்துக் கிடந்தாள்.

“ஒண்ணுமில்லக்கா, உதைக்குது. நீ ஏன் இப்படி நடுங்குற?”

“நான் எங்க நடுங்குறேன்? சைக்கிள் மிதிச்சது.”

“உனக்குப் பொய் சொல்லவே வராதுக்கா,” என்று இளையவள் அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே இருந்தது உதைத்தது.

அதற்குப் பிறகு மூத்தவள் முடியின் பருமனில் கால்வாசி, அரைவாசி என்று பார்த்துப் பார்த்துக் கூட்டினாள். பலகையில் பசை கட்டிய கரிய திட்டு இருந்தால் அங்கே ஒளி தடுமாறும். அதனால் ஒவ்வொரு பலகையையும் விளக்கின் முன் பிடித்துப் பார்த்துத் தள்ளினாள். மழை நாளில் மரம் ஊறியிருக்கும், நாக்கு பருத்திருக்கும், அதற்கொரு கணக்கு. தெருவாக இருந்தது சந்தாயிற்று. இன்னும் பத்து நாள் கிடைத்தால் போதும் என்று அவள் நினைத்திருந்தபோது, ஒரு பட்டப்பகலில், சோறு வடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இளையவளுக்கு வலி வந்துவிட்டது. நாள் இன்னும் இருந்தது. முன்பு இரண்டு முறையும் இப்படி முந்தித்தான் வந்தது.

கணவர் நர்ஸம்மாவைக் கூட்டிவர ஓடினார். சைக்கிள் கடைக்காரர் கேட்காமலேயே ஒரு சைக்கிளை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். நர்ஸம்மா பையை மாட்டிக்கொண்டு ஏறி இடைவழிக்குள் மிதித்தார். மூத்தவள் தங்கையிடம் போகவில்லை. போக வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் போனால் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழலாம், அவ்வளவுதான். ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரி வண்டிவரை தூக்கிவர அந்தத் தூரம் அப்படியே கிடக்கும். அவள் இயந்திரத்தின் மூடியை இறக்கினாள். வெட்டி வைத்திருந்த பலகைகள் தீர்ந்ததும் புதிது வெட்டினாள். கணவர் பிரித்துக் கொடுத்தார், சைக்கிள் கடைக்காரர் சுத்தியலைப் பிடித்தார். “டயர் மாட்டுற மாதிரிதானே? ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா,” என்றார். அவருக்குக் கை பழகியிருந்தது. ஒரு தட்டுக்கு நர்ஸம்மாவின் சைக்கிள் மணிச்சத்தம் தூரம் போகும், அடுத்த தட்டுக்கு அதே மணி கிட்டே வரும். நர்ஸம்மா முன்னே போக அறை எதிரே வந்தது. நடுவழியில் கட்டிலின் கால் சைக்கிள் சக்கரத்தில் இடிக்கும்வரை அவருக்கு வந்து சேர்ந்தது தெரியவில்லை.

இளையவளின் அலறல் முதலில் வெகுநேரம் கழித்து வந்தது, பிறகு கொஞ்சம் கழித்து, பிறகு உடனுக்குடன். மூத்தவள் நாக்கின் அளவை ஒரு துளி கூட்டினாள். “பிளந்துடப் போகுது,” என்றார் கணவர். “பிளக்காது,” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. காய்ந்த, திட்டில்லாத, தட்டையான பலகைகளாகப் பொறுக்கி எடுத்தது அந்த ஒரு நாளுக்காகத்தான் என்று தோன்றியது. கடைசிப் பெட்டியின் கடைசி நாக்கு மரத்தின் உயிரைப் பிழிவதுபோல முனகிக்கொண்டு உள்ளே இறங்கியது. பிளக்கவில்லை. சிமெண்ட் தரை மறைந்தது. ஓடும் ஓடும் முட்டின. முட்டிய பிறகும் வீடு நிற்காமல் இன்னும் கொஞ்சம் நெருங்கியது.

அப்போது ஒரு குழந்தை அழுதது. கூடத்தில் இருந்த மூவருக்கும் தெளிவாகக் கேட்டது. தொண்டை கிழிய, கோபமாக, முழு மூச்சோடு. கணவர் கையிலிருந்த பலகையைக் கீழே போட்டார். “இன்னும் தலையே வரல, சும்மா இருங்க!” என்று உள்ளிருந்து நர்ஸம்மா அதட்டினார். அதற்குப் பிறகுதான் சைக்கிள் கடைக்காரர், “ஆணா, பொண்ணா?” என்று கேட்டார்.

நெருங்கிய வீடு, இருக்க வேண்டியதைவிட ஒரு துளி கூடுதலாக நெருங்கிவிட்டிருந்தது. தூரம் அதிகமானபோது குரல் தாமதித்தது. தூரம் ஒன்றுமில்லாததற்கும் கீழே போனபோது குரல் முந்திக்கொண்டது. மூத்தவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. முந்தைய இரண்டு முறையும் வராத சத்தம் இந்த முறை வரப்போகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. எத்தனையோ மாதமாக ஏறிக்கொண்டே போன ஏதோ ஒன்று அவளுக்குள் இறங்கியது. பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து, பின்னறைத் திரையைத் தொடக் கையை நீட்டினாள். தொடுவதற்குள் கட்டிலருகே நின்றிருந்தாள். தங்கையின் கையைப் பிடித்து, “அழுவுதுடி, நல்லா அழுவுது, நான் கேட்டுட்டேன், தள்ளு,” என்றாள். இளையவள் தள்ளினாள். பெண் குழந்தை. வந்து விழுந்ததும் அழுதது. கூடத்தில் கேட்ட அதே அழுகை, அதே கோபம்.

பிறந்த நேரத்தைக் குறிக்கும்போது நர்ஸம்மா பேனாவைப் பிடித்தபடி நின்றார். “எந்த அழுகையைப் போடறது?” “முதல்ல கேட்டதைப் போடுங்க,” என்றார் கணவர். “நான் இங்க கேட்டதைத்தான் போடுவேன்,” என்று நர்ஸம்மா அதையே போட்டார்.

அந்த வீட்டில் இன்றும் பெட்டி வெட்டுகிறார்கள். பின்னறைக்கு இறுக்கமான கதவு வைத்து, புகைக்குழாயை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். கோடு விடுகிற இடைவெளியை இறுக்கம் சரிக்குச் சரியாகத் தின்னும் அளவில் மூத்தவள் நாக்கை ஒரு துளியும் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருக்கிறாள். இடைவழி நீளவுமில்லை, குறுகவுமில்லை. ஆரம்பத்தில் பால் காய்ச்சுவதற்கு அது வசதியாக இருந்தது. அழுகை கேட்டதும் அடுப்பைப் பற்றவைத்தால் குழந்தை அழத் தொடங்கும்போது பால் இளஞ்சூட்டில் இருக்கும். இப்போது அந்தப் பெண் ஓடியாடித் திரிகிறாள். பின்னறையில் விளையாடிக்கொண்டிருக்கும்போது, கூடத்தில் முந்தியே அழுகையைக் கேட்டுவிட்ட பெரியம்மா பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு வருவதைக் கண்டால், ஓட்டத்தை நிறுத்தி, எந்த முழங்கால் என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வாள். பிறகு மறுபடி ஓடுவாள்.